அடிக்காத அலாரம்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் புதிதாக ஒரு கேமரா இயந்திரம் வாங்கியிருக்கிறார்களாம். சர்க்யூட் பலகையை உள்ளே தள்ளினால் போதும், கோளாறு இருக்கும் இடத்தில் அதுவே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிவிடுமாம். இனிமேல் துளைகளை அறுத்துப் பார்க்கும் வேலையை வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொண்டால் என்ன என்று கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. ரமீஜா அக்கா இருந்தால் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார், அவர் ஒரு தடவை கையெழுத்துப் போடாமல் நின்றவர் என்று பழைய ஆள் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னாராம்.

"அது இன்னா கதக்கா? யாரக் கேட்டாலும் பாதியிலயே நிறுத்திடறாங்க" என்றாள் கவிதா.

போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இதற்கு முன் எழுதிய இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். அத்தாவுக்கு மார்க்கெட் பக்கம் சைக்கிள் உதிரிபாகக் கடை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு வேலைக்குப் போனேன். கல்யாணமாகி ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகும் அதே வேலைதான், ரயிலேறும் திசை மட்டும் மாறியது. முதல் வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடியிழைப் பலகை, இரண்டு பக்கமும் தாமிரம் ஒட்டி வரும். அதில் ஊசிமுனை அளவுக்குத் துளை போடுவது ஒரு பிரிவு. அந்தத் துளையின் உட்சுவரில் தாமிரம் படிய வைப்பது இன்னொரு பிரிவு. வேண்டாத தாமிரத்தை அரித்தெடுப்பது, மேலே பச்சை மை பூசுவது என்று ஒவ்வொன்றிலும் சில மாதங்கள் இருந்தேன். தாமிரம் படிய வைக்கும் பிளேட்டிங் ஹாலில் ரசாயனத் தொட்டிகளுக்கு நடுவே நடக்கும்போது மட்டும் துப்பட்டாவை இறுக்கிச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். அந்தப் பயம் பரவாயில்லை. எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்றாவது தெரியும். ஆய்வகத்துக்கு மாற்றியபோதுதான் வேறு மாதிரிப் பயம் ஒன்று இருப்பது தெரிந்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி தேவநாதன் சார். தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவர். மெலிந்த மனிதர், நடந்து வந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் நடுக்கம். ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, "நீ பார்த்ததச் சொல்லு" என்பார். துளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு. "அது நீ முடிவு பண்ணது. பார்த்தது இன்னா?" என்று மறுபடி கேட்பார். சுவரில் தாமிரம் எத்தனை மைக்ரான், எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது, எங்கே கறுப்பாகத் தெரிகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான் அவர் கை தாளுக்கு நீளும். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடிக்க வேண்டும், அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அழுத்தி அழுத்திக் கிறுக்கியிருந்தால் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

எங்கள் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பலகையைச் செய்யும்போது அதன் ஓரத்தில், அதே அளவுத் துளைகளோடு, விரல் நீளத்துக்கு மூன்று நான்கு துண்டு விட்டுவைப்போம். கூப்பன் என்று பெயர். பலகை எந்தெந்தத் தொட்டியில் முங்கியதோ அதெல்லாம் இதுவும் முங்கியிருக்கும். எனவே பலகையைக் கெடுக்காமல் இதை அறுத்து, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். அறுத்த துண்டைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, பிசின் ஊற்றி இறுக விடுவோம். இறுகியதும் கேரம் போர்டு காய் மாதிரி ஒரு வில்லை கிடைக்கும். அதை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசு, அதைவிட நைசு. ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் கால்வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் பழைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். துளையின் சரிபாதியில் போய் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே நின்றாலும், கொஞ்சம் தாண்டினாலும் தாமிரம் உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும், பொய்க் கணக்கு வரும். கடைசியில் துணியில் மெருகேற்றி, அம்மோனியாவும் பெராக்சைடும் கலந்த கரைசலில் ஒரு சொட்டு வைத்துத் துடைத்தால், நுண்ணோக்கியில் தாமிரம் ஆரஞ்சு நிறத்தில் எழுந்து வரும். இரண்டு பக்கமும் இரண்டு சுவர், நடுவில் இருட்டு. அந்தச் சுவர் வழியாகத்தான் பலகையின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு மின்சாரம் இறங்கும்.

ஒருமுறை அறுபது பலகை கொண்ட ஒரு சிறிய லாட் சோதனைக்கு வந்தது. நாவலூரில் எரிவாயு அலாரம் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்காகச் செய்தது. கப்பலில் போகும் பெரிய ஆர்டர்களுக்கு நடுவே இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தேவநாதன் சார் அந்த வாரம் விடுப்பில் இருந்தார், அவர் மனைவிக்கு ஆபரேஷன். நான் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கூப்பனை நுண்ணோக்கியில் வைத்தேன். ஐந்து துளைகள் சுத்தம். ஆறாவதில், சுவரின் நடுவில் ஒரு பக்கம் மட்டும், தாமிரம் உள்ளே மடிந்த மாதிரி இருந்தது. மடிப்பின் அடியில் ஒரு கறுப்புக் கோடு, மயிரிழை அளவு. தேய்க்கும்போது விழுந்த கீறலாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்று நினைத்த அதே நேரத்தில், இது கீறல் இல்லை என்றும் தோன்றியது.

சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. அதே வில்லையை மறுபடி மெருகேற்றிப் பார்க்க வேண்டும். அதே பலகையிலிருந்து இன்னும் இரண்டு கூப்பன் அறுக்க வேண்டும். மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். முழுசாகச் செய்தால் அரை நாள் பிடிக்கும். உற்பத்தி மேலாளர் ஆய்வக வாசலில் வந்து நின்றார். வண்டி காத்துக்கொண்டிருக்கிறது என்றார், இதில் என்னம்மா பிரச்சினை என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான். நான் கையில் கிடைத்த வேறு ஒரு பலகையின் கூப்பனை அறுத்தேன். ஆறு துளையும் சுத்தமாக இருந்தன. ரிப்போர்ட்டில் அதை மட்டும் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். வண்டி போய்விட்டது. முதல் வில்லையை என் மேஜை இழுப்பறையில், பழைய அளவுகோல்களுக்குக் கீழே வைத்தேன். எறியவும் கை வரவில்லை.

சித்திரை வெயில் ஆரம்பித்த பிறகு நாவலூரிலிருந்து ஒரு அலாரம் திரும்பி வந்தது. மீன் பதப்படுத்தும் இடத்தில் மாட்டியிருந்தார்களாம். மத்தியானம் சோதித்தால் அடிப்பதில்லை, கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துச் சோதித்தால் அடிக்கிறது, ஆட்கள் சரியாகச் சோதிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது. தேவநாதன் சார் அதை என் மேஜையில் வைத்து, பார் என்றார்.

அது எளிமையான சர்க்யூட்தான். உணர்வி என்று ஒரு சின்னக் குமிழ். காற்றில் அம்மோனியா கலந்தால் அதன் மின்தடை குறையும். அதனோடு ஒரு சாதாரண மின்தடையைச் சேர்த்து மின்னழுத்தத்தைப் பங்கு பிரிப்பார்கள். வாயு ஏற ஏற அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ஒரு ஐ.சி. அதைக் கண்டுபிடித்து ரிலே என்ற சுவிட்சைத் தட்டிவிடும். சைரன் அலறும், புகைபோக்கி விசிறி ஓடும். உணர்வியிலிருந்து வரும் செய்தி பலகையின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு ஒரே ஒரு துளை வழியாக இறங்குகிறது. அந்தத் துளையின் சுவர் விட்டுப்போனால் ஐ.சி.க்குப் போய்ச் சேருவது பூஜ்யம். வாயு இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு, வாயு நிறைந்து செய்தி வராமல் போனாலும் அதே பச்சை விளக்கு.

தலைமுடி உலர்த்தும் கருவியால் பலகையைச் சூடாக்கினேன். அம்மோனியாப் புட்டியைத் திறந்து உணர்வியின் அருகில் காட்டினேன். அடிக்கவில்லை. ஆறவிட்டேன், அடித்தது. மறுபடி சூடாக்கினேன், அடிக்கவில்லை. சூட்டில் பலகை உப்பும்போது விரிசல் விரிகிறது, ஆறினால் மூடிக்கொள்கிறது. நாங்கள் மின்சோதனை செய்வது ஏ.சி. அறையில். அங்கே இது ஒருநாளும் மாட்டியிருக்காது.

என் மேஜை இழுப்பறையில் இருந்த வில்லை எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் மகள் ஏதோ கேட்டாள், நான் வேறு ஏதோ பதில் சொன்னேன். மறுநாள் காலை சார் வந்து பையை வைக்கும் முன்பே அந்த வில்லையை அவர் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் பழக்கியிருந்தாரோ அந்த மாதிரியே, பார்த்ததை முதலில் சொன்னேன், செய்ததைப் பிறகு சொன்னேன்.

அவர் வில்லையை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

"எனக்கும் இருக்கு. லிஸ்ட்ட எடு."

அறுபது பலகையும் எங்கே போனது என்று நாவலூர்க்காரர்களோடு சேர்ந்து இரண்டு நாள் தேடினோம். பாதிக்கு மேல் இன்னும் அவர்கள் அலமாரியிலேயே இருந்தன. மற்றவற்றைப் போன் செய்து கழற்றச் சொன்னோம், கழற்றியதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். ஒவ்வொரு படம் வரும்போதும் லிஸ்டில் ஒரு கோடு. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குப்பம் ஒன்றை ஒட்டிய ஐஸ் பிளான்ட்; அங்கே குளிரூட்டுவதே அம்மோனியா வாயுதான். அங்கே கொடுத்திருந்த எண் வேலையை விட்டுப் போன யாரோ ஒருவருடையது. தேவநாதன் சார் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். ஆய்வகத்தின் அம்மோனியாப் புட்டி, மீட்டர், ரப்பர் பிடி போட்ட ஒரு இடுக்கி, இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு அவர் காரிலேயே புறப்பட்டோம்.

செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். காற்று அனலாக வந்தது. வெயில் ஏற ஏற அந்தத் துளை அங்கே விரிந்துகொண்டிருக்கும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை.

போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. படகுகள் கரைக்கு வந்திருந்தன. வாசலில் மீன் வண்டிகள் ஐஸுக்குக் காத்து நின்றன. முன்கூடத்தில் நாலைந்து பெண்கள் ஐஸ் பாளங்களை உடைத்துப் பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கம்ப்ரஸர் அறை. அதைப் பார்த்துக்கொள்பவர் ஏகாம்பரம், ஐம்பதைக் கடந்தவர், தலையில் ஈரத் துண்டு கட்டியிருந்தார். உள்ளே கால் வைத்ததுமே எனக்கு மூக்கில் லேசாக ஏறியது. ஆய்வகத்தில் தினமும் பழகிய நெடிதான்.

"கேஸ் வாசன வருதே" என்றேன்.

"அது எப்பவும் கீறதுதாம்மா. எங்களுக்கு மூக்குல ஏறவே ஏறாது" என்றார். சுவரில் இருந்த பெட்டியைக் காட்டினார். "எதுனா இருந்தா அது கத்தும். பாரு, பச்ச லைட்டு எரியுது."

பெட்டி கம்ப்ரஸருக்கு மேலே, சூடு நேராகப் படும் இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. அதன் மூடியைத் தொட்டால் கை சுட்டது. ஒரு துணியில் அம்மோனியாவை நனைத்து உணர்விக்குப் பக்கத்தில் பிடித்தேன். பத்து எண்ணுவதற்குள் அடிக்க வேண்டும். இருபது எண்ணினேன். முப்பது எண்ணினேன். பச்சை விளக்கு அப்படியே இருந்தது.

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டு நின்றவர், சிரிப்பை நிறுத்தினார்.

தேவநாதன் சார் கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். ஓனர் சொல்லாமல் நிறுத்த முடியாது, வெளியே எத்தனை வண்டி நிற்கிறது பாருங்கள் என்றார் ஏகாம்பரம். ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். உள்ளே சத்தத்தில் கேட்கவில்லை என்று சார் முற்றத்துக்குப் போனார். சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும் என்று ஓனர் சொல்வதும், இப்போதே நிறுத்த வேண்டும் என்று சார் சொல்வதும் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

நான் துணியை வாசலுக்கு வெளியே இருந்த தண்ணீர் வாளிக்குள் எறிந்துவிட்டு, புட்டியை இறுக மூடி வைத்தேன். பெட்டியைத் திறந்து மீட்டரின் முனைகளை வைத்தேன். துளையின் கீழ்ப்பக்கத்தில் பூஜ்யம். மேல்பக்கத்தில் இரண்டு வோல்ட். துணியை எடுத்துவிட்டதால் அது மெல்ல இறங்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டரை ஆயிற்று. பிறகு மூன்று.

என் கையில் துணி இல்லை. புட்டி மூடியிருக்கிறது. ஆனால் எண் ஏறிக்கொண்டே போகிறது.

"அண்ணாத்த, பின்னாடி யாருனா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம சேகர் தொட்டி வால்வுல ஆயில் எறக்கிகினு கீறான்" என்றார் ஏகாம்பரம்.

அவர் சொல்லி வாயை மூடவில்லை, அறைக்குள் இருந்த அம்மோனியாத் தொட்டிக்குப் பின்னாலிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். அதன் மேலே ஒரு மனிதக் குரல். வார்த்தை இல்லை, வெறும் குரல். தரையோடு தரையாக வெள்ளைப் புகை எங்களை நோக்கி வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்குவது போல இருந்தது. வாசல் எனக்கு ஆறேழு எட்டு தூரத்தில்தான் இருந்தது. ஓடத்தான் திரும்பினேன், அதை மறைக்க விரும்பவில்லை. முன்கூடத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களுக்கு எதுவும் தெரியவில்லை. சைரன் அடிக்கவில்லையே, எப்படித் தெரியும்?

திரும்பி வந்து ரிலேயின் இரண்டு முனைகளைத் தடவிக் கண்டுபிடித்து இடுக்கியைக் குறுக்கே வைத்தேன். சைரன் அலறியது. தலைக்கு மேல் விசிறி உறுமிக்கொண்டு ஓடியது. கூடத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம் நின்று, ஓடும் காலடிகள் கேட்டன. இனி நாமும் ஓடலாம் என்று இடுக்கியை எடுத்தேன். எடுத்ததும் விசிறி நின்றுவிட்டது. மறுபடி வைத்தேன். அப்போதுதான் புரிந்தது. நான் பிடித்துக்கொண்டு நிற்கும் வரைதான் அது ஓடும்.

ஏகாம்பரம் கோணிப்பையை வாளியில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சை அடக்கி, முடியாதபோது தோளில் மூக்கைப் புதைத்துக் கொஞ்சம் இழுத்தேன். கலிமா சொல்லத் தொடங்கினேன், பாதியில் மறந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்த வார்த்தைகள், அப்போது வரவில்லை. இடுக்கி நடுங்குவதால் விசிறி விட்டுவிட்டு ஓடியது. அந்த ஒவ்வொரு விக்கலிலும் செத்தேன்.

பின்னாலிருந்து ஒரு ஈரத் துணி என் முகத்தில் பட்டது. "விடாதம்மா. நான் இங்கதான் நிக்கிறேன்." தேவநாதன் சாரின் குரல். அவருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. சீறல் மெலிந்து, நின்றது; ஏகாம்பரம் வால்வை மூடிவிட்டார். அவர் சேகரைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு எங்களை இடித்துத் தள்ளி வெளியே போனார்.

எனக்கும் சாருக்கும் ஒரு வாரத்தில் கண் தெளிந்தது. சாருக்கு இருமல் தங்கிவிட்டது. சேகருக்கு வலது கண் போய்விட்டது. இடது கண் மங்கல். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். செங்கல்பட்டில் அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த வால்வு காலைலருந்தே கசிஞ்சிகினு இருந்துருக்குது. அந்தப் பெட்டி அப்பவே கத்தியிருந்தா, அவன வால்வாண்ட அனுப்பியே இருக்க மாட்டேன்."

இரண்டு வாரம் கழித்து விசாரணை அறிக்கை தயாராயிற்று. உற்பத்தி மேலாளர் அறையில் அதை என் முன்னால் வைத்தார்கள். சரக்கு அனுப்பும் முன் கூப்பன் சோதிக்கப்பட்டது, முடிவு திருப்திகரம், சூட்டில் மட்டுமே வெளிப்படும் இந்தக் கோளாறை முன்கூட்டி அறிய வாய்ப்பில்லை என்று இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

முதல் கூப்பன் இதில் இல்லையே என்றேன்.

"ரெண்டாவது கூப்பன் நல்லாதானம்மா இருந்துது? அதுல பொய் எதுவும் இல்லையே. உண்மைய மட்டும்தான் எழுதியிருக்கோம்" என்றார் மேலாளர். பிறகு, நான் போட்டால் எல்லோரும் தப்பித்தோம், போடாவிட்டால் முதலில் போவது நான்தான் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. வேலை போகும், பெயர் போகும், போலீஸ்கூட வரலாம். காலையில் பத்து மணிக்கு உள்ளே போனவள், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்த மேஜைக்கு முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேனாவை எடுத்துவிடுவேன் என்று பயம். வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே கவிதா. அந்த அறையில் இரண்டு பயம் இருந்தது. வேலை போய்விடும் என்பது ஒன்று. அந்தச் சைரன் அடிக்காத நேரத்தில் கேட்ட ஐஸ் உடைக்கும் சத்தம் இன்னொன்று. இரண்டாவது பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

தேவநாதன் சார் உள்ளே வந்தார். அறிக்கையை வாங்கி, திருப்திகரம் என்ற வார்த்தையை ஒரே கோடாக, படிக்கிற மாதிரி அடித்தார். முதல் கூப்பனில் ரமீஜா பார்த்தது இது என்று எழுதினார். அதற்குக் கீழே, விடுப்பில் போகும்போது எனக்குப் பதிலாக யாரையும் நியமிக்காமல் போனது என் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை என்னிடம் கொடுத்தார். நான் போட்டேன்.

என்னை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு இரண்டு வருடம் பேக்கிங் பிரிவில் வைத்திருந்துவிட்டு, ஆய்வகத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். சாருக்கு ஓய்வுக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்த பதவி கிடைக்கவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே கிடையாது. எல்லாக் கூப்பனையும் அறுக்க வேண்டும், சந்தேகப்பட்டதை எறியாமல் எண் போட்டு வைக்க வேண்டும் என்று விதி வந்தது அதன் பிறகுதான். உங்கள் கேமரா மேல்பக்கத்தைப் பார்க்கும், துளைக்குள் இறங்காது. இதைக் கூட்டத்தில் சொல்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதுவரை என் வீட்டில் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

என்னை நிறுத்திவைத்திருந்த அந்த மாதத்தில் சேகர் வீட்டுக்குப் போனேன். மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சைரனை அடிக்கவைத்த மேடம் என்று அவருடைய மனைவிக்கு என்னைத் தெரிந்திருந்தது. உள்ளே கூப்பிட்டு, பாயை உதறிப் போட்டு, டீ வைத்தார். அந்த உபசாரம் எனக்குத் தாங்கவில்லை. டம்ளரைத் தொடாமல், அந்தப் பலகையில் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று சொன்னேன். கறுப்புக் கோட்டைச் சொன்னேன். மேஜை இழுப்பறையில் ஒளித்ததையும் சொன்னேன்.

சேகர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"முழுசா தெரியாது. சந்தேகம் இருந்துது."

அவர் தலையை ஆட்டினார். மனைவி சுவரில் சாய்ந்து நின்றார், முந்தானையை வாயில் வைத்திருந்தார். வெளியே ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"உம்மேல கோவம் இல்லம்மா" என்றார் சேகர். "வந்து சொன்னது நீ ஒருத்திதான், வேற யாரும் வரல. ஆனா நீ பேசப் பேச எனக்கு அந்த நெடி வருது. இப்பகூட வருது. இனிமே வராத."

எழுந்தேன். அவர் எழவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பி, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

நான் அதற்குப் பிறகு போகவில்லை.